பாராவோடு வந்தவன்

தணிகாசலத்துக்கு முப்பது நாள் லீவு கிடைத்தது, பாரா மாற்ற ஆள் வரவில்லை, ஆகவே அவன் தன் பாராவையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. காவல் நிற்கிறவன் தன் இடத்தில் இன்னொருவன் வந்து பொறுப்பு வாங்கிக்கொண்ட பிறகுதான் அங்கிருந்து காலை எடுக்கலாம், அதுவரைக்கும் மழை பெய்தாலும் குண்டு விழுந்தாலும் பெற்றவள் செத்தாலும் அங்கேயே நிற்க வேண்டும் என்பது எங்கள் ஈச்சம்பட்டில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் அந்த முப்பது நாள் இந்த ஊர் என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன். சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும்.

ஈச்சம்பட்டு வேலூருக்கு மேற்கே இருக்கிறது. மூன்று பக்கமும் மொட்டைப் பாறை, நாலாவது பக்கம் தார் ரோடு. வீட்டுக்கு ஒருவன் பட்டாளத்தில் இருப்பான், இல்லாவிட்டால் இருந்து வந்தவனாக இருப்பான். ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலுக்கடியில் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் பெயரும் நம்பரும். பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிக்கும்போதே குனிந்து கட்டிலுக்கடியில் எத்தனை பெட்டி என்று பார்த்துவிடுவார்கள். என் பெட்டியும் இருக்கிறது. என் பெயர் ஏகாம்பரம். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வழி காட்ட ஆள் கிடைக்காது. மெண்டல் மிலிட்டிரி வீடு என்று கேட்டால் தபால்காரர்கூடக் காட்டுவார்.

சித்திரை மாதம், கத்திரி வெயில் தொடங்கிய அன்றைக்கு, தணிகாசலத்தின் பெண்சாதி அஞ்சுகம் அவனைக் கூட்டிவரக் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போனாள். எனக்கு ஒன்றுவிட்ட தங்கையின் மகள் அவள். காலை ரயில் வந்தது, அவன் இல்லை; மத்தியான ரயில் வந்தது, அவன் இல்லை; மகளுக்கு வாங்கிய பன்னைத் தானே தின்றுவிட்டு பஸ் ஏறித் திரும்பி வந்தவள், கடலை பிடுங்கிக் காய்ந்து கிடந்த தன் கொல்லையில், பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி உயரத்துக்கு, அரை ஏக்கர் அகலத்துக்கு, ஒரு பனிமேடு நிற்பதைப் பார்த்தாள். மேட்டின் உச்சியில் மணல் மூட்டை அடுக்கிய ஒரு மறைப்பு, மறைப்புக்குப் பின்னால் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, வெள்ளை உடுப்புக்குள் அவள் புருஷன், வடக்கே பார்த்துக்கொண்டு.

"இன்னாய்யா இது?" என்று கீழே நின்று கத்தினாள்.

"ரிலீவ் ஆகட்டும், வரேன்" என்று மேலே இருந்து பதில் வந்தது.

நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில் அந்தப் பனி ஒரு சொட்டுக்கூட உருகவில்லை. ஊர் சாயங்காலத்துக்குள் அதைப் பழகிக்கொண்டது. முதலில் நாய்கள் வந்து அடிவாரத்தில் படுத்தன, பிறகு ஆடுகளை ஓட்டி வந்தார்கள், பிறகு கட்டிலைத் தூக்கி வந்தார்கள். மூன்றாம் நாள் மீன்காரி தன் கூடையைப் பனியில் புதைத்து வைத்து மூன்று நாள் மீனை அன்றைக்குப் பிடித்த மீன் என்று சத்தியம் செய்து விற்றாள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியபோது அண்டாக்களை அங்கேதான் வைத்தார்கள், பல் கூசக் கூசக் குடித்துவிட்டு இந்த வருஷம் அம்மன் மனசு குளிர்ந்துவிட்டாள் என்றார்கள். பஸ் கண்டக்டர் நான்காம் நாளிலிருந்து பனிமேடு எறங்கு, பனிமேடு எறங்கு என்று விசில் ஊதினார். கல்யாணமான புது ஜோடிகள் ஆம்பூரிலிருந்தெல்லாம் வந்து போட்டோ எடுத்துக்கொண்டன. கிராம நிர்வாக அலுவலர் டேப்பைப் பிடித்து அளந்து, நிலத்தின் வகையைப் பனி என்று எழுதினார், கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, கல்லாங்குத்து என்று எழுதினார், ஏற்றுக்கொண்டது.

மேலே நிற்கிறவன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அங்கேதான் எங்கள் ஊர் தன் புத்தியைக் காட்டியது.

முன்னாள் படைவீரர் சங்கத்துக்குத் தலைவன் சுபேதார் முனிரத்தினம். சுபேதாராக ரிட்டயர் ஆனவன், மீசைக்கு மை போடுகிறவன், ஆகஸ்ட் பதினைந்துக்கு மூன்று பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றுகிறவன். அவன் இரண்டாம் நாளே சங்கத்தாரைக் கூட்டிக்கொண்டு மாலையோடு மேட்டில் ஏறினான். பத்தடி இருக்கும்போது தணிகாசலம் துப்பாக்கியை நிமிர்த்தி, நில், யார் அது என்று இந்தியில் அதட்டினான்.

"சுபேதார் முனிரத்தினம். மாலை போட வந்தோம், தம்பி. போதும், எறங்கி வா."

"நீங்க ரிலீவரா?"

"இல்ல."

"என்னை நிறுத்தின கமாண்டரா?"

"இல்ல."

"அப்ப மாலைய அங்க வெச்சிட்டுப் போங்க சார். பாரா மாறாம எறங்க மாட்டேன்."

முனிரத்தினம் இறங்கி வந்தபோது அவன் கண்ணில் தண்ணீர். இவனல்லவா சிப்பாய், இவனல்லவா ஈச்சம்பட்டு ரத்தம் என்று டீக்கடை முன்னால் நின்று சொன்னான். நோயைப் பார்த்து வீரம் என்று சொல்ல ஒரு ஊரே பட்டாளத்துக்காரர்களாக இருந்தால்தான் முடியும். ஐந்தாம் நாள் தார் ரோட்டில் பேனர் கட்டினார்கள்: 'பனியை வென்ற ஈச்சம்பட்டுச் சிங்கமே!' பேனரில் தணிகாசலத்தின் முகம் சின்னதாகவும் முனிரத்தினத்தின் முகம் பெரியதாகவும் இருந்தது. தினமும் சாயங்காலம் ரிட்டயரானவர்கள் மெடல்களைக் குத்திக்கொண்டு வரிசையில் நின்று மேலே பார்த்து சல்யூட் அடித்தார்கள். தணிகாசலம் திருப்பி அடிக்கவில்லை. அவன் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மகள் இனியா, ஆறு வயசு, கீழே நின்று கையை ஆட்டுவாள், தோள் வலிக்கும்வரை ஆட்டுவாள். பாராவில் நிற்கிறவன் கையாட்டக் கூடாது. அவன் ஆட்டவில்லை.

தூங்கினானா என்றால் இல்லை. தூக்கம் பாரா மாறிய பிறகு. உட்கார்ந்தானா என்றால் இல்லை. சாப்பாட்டை அஞ்சுகம்தான் தினமும் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு ஏறினாள். பத்தடியில் அவளையும் நிறுத்தினான். யார் அது என்று கேட்டான். உன் பொண்டாட்டி என்றாள். அங்க வை என்றான். அவள் இறங்குவதற்குள் குழம்பு கல்லாகிவிடும், அவன் அதைக் கத்தியால் செதுக்கி நின்றபடியே தின்பான்.

இருபத்தைந்தாம் நாள் வரப்போரம் மாடு மேய்த்தவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மேடு தன் இடத்திலிருந்து ஒரு சாண் வடக்கே நகர்ந்திருந்தது. இருபத்தாறாம் நாள் ஒரு முழம். இருபத்தேழாம் நாள் அது எல்லைக்கல்லைத் தள்ளிச் சாய்த்தது. லீவு முடிகிறது, மேடு கிளம்பப் போகிறது, அவனையும் தூக்கிக்கொண்டு வந்த வழியே போகப் போகிறது என்று எல்லாருக்கும் விளங்கியது. முப்பதாம் நாள் வெள்ளிக்கிழமை, நாலு மணியோடு லீவு முடிவதாக லீவுச் சீட்டில் எழுதியிருந்தது. சங்கத்தார் கூடி யோசித்தார்கள். யோசித்து, வழியனுப்பு விழாவுக்கு ஆம்பூரிலிருந்து பேண்டு செட்டுக்குச் சொன்னார்கள்.

பேண்டுக்குச் சொன்ன அன்றைக்குத்தான் அஞ்சுகம் என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"மாமா, அவர் கை வெரல் ரெண்டு கறுத்துப்போச்சி. எரிஞ்ச ஊதுபத்தி மாதிரி கீது. தொட்டா உதிந்துடும்போல."

"சிங்கத்துக்கு நாலு காலாச்சே, ரெண்டு வெரல் போனா இன்னா" என்றேன். எனக்கு அப்படித்தான் வரும்.

"கிண்டல் பண்ற நேரமா? மேளம் வெச்சி அனுப்பப் போறாங்க. நான் ஒருத்தி கத்தறேன், உன் புருஷன் சாமி மாதிரி, அழக் கூடாதுங்கறாங்க."

"அதுக்கு நான் இன்னா பண்றது? இந்த ஊர் விஷயத்துல நான் தலையிட்டு எத்தனை வருஷம் ஆச்சி? அந்தச் சங்கத்துல எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கானுங்களா?"

என் பெண்சாதி பூங்காவனம் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "கேக்காதடி அவரை. முப்பத்தாறு வருஷமா கதவைப் பாத்தே ஒக்காந்திருக்கார். தெனம் நாலு மணிக்கு யாரோ வரப் போறாங்களாம்."

அஞ்சுகம் அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னாள். "மாமா, இந்த ஊர்ல எல்லாரும் மேல ஏறினவங்கதான். எறங்கி வந்தவரு நீ ஒருத்தர்தான். எறங்கறது எப்பிடின்னு உனக்குத்தான் தெரியும்."

இறங்கி வந்தவன். இந்த ஊர் என்னை முப்பத்தாறு வருஷமாக அப்படித்தான் ஏசியது. பெண் கொடுத்த வீட்டில் ஏசினார்கள், சாவு வீட்டில் ஏசினார்கள். அதை முதல் தடவையாக ஒருத்தி, நீச்சல் தெரிந்தவன் என்று சொல்வதுபோல, கிணறு வெட்டத் தெரிந்தவன் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், நீளாது. எனக்கு இருபத்தெட்டு வயசில் வடக்கே ஒரு உயரத்தில் நிறுத்தினார்கள். அந்த இடத்தின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் என் நாக்கு மரத்துப்போகும். தொண்ணூறு நாள் பாரா. தொண்ணூறாம் நாள் நாலு மணிக்கு என்னை மாற்ற வர வேண்டியவன் என் ஊர்க்காரன், என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், அன்றைக்கு லான்ஸ் நாயக்காக இருந்த முனிரத்தினம். வரவில்லை. வயிற்று வலி என்று கீழ் முகாமில் படுத்துவிட்டான். மாற்று ஆள் கிடையாது என்று ஒயர்லெஸ்ஸில் சொன்னார்கள், அப்புறம் ஒயர்லெஸ்ஸும் செத்தது. பத்தொன்பது நாள் அதிகமாக நின்றேன். பதினொன்றாம் நாளிலிருந்து செத்துப்போன என் அப்பன் தினமும் நாலு மணிக்கு வந்து, உன்னை மாத்த வந்திருக்கேன் என்றான், நான் பொறுப்பை ஒப்படைக்கப் போவேன், ஆள் இருக்க மாட்டான். பத்தொன்பதாம் நாள் ஹெலிகாப்டரில் என்னைக் கட்டித் தூக்கி வந்தார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் ஏழு மாசம், பிறகு ஒரு காகிதம், பிறகு வீடு. முனிரத்தினம் எனக்கு முன்னாலேயே லீவில் ஊருக்கு வந்து, ஏகாம்பரம் பயந்து போஸ்ட்டை விட்டு எறங்கிட்டான், மூளை கலங்கிடுச்சி என்று சொல்லிவைத்திருந்தான். அன்றிலிருந்து நான் அவன் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. அவன் மகள் கல்யாணப் பத்திரிகையைத் தென்னைமரத்தில் ஆணியடித்து வைத்தேன், மழையில் நனையட்டும் என்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். கம்பளிக் கோட்டைப் பூச்சி அரித்திருந்தது. பூட்ஸ் ஒன்றின் அடி பிளந்திருந்தது, சணல் போட்டுக் கட்டினேன். பூங்காவனம் ஒன்றும் கேட்காமல் வந்து கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டாள், என் விரலுக்குப் பிடிபடாத கழுத்துப் பொத்தானை மட்டும்.

கொல்லையில் ஊரே கூடியிருந்தது. பேண்டுக்காரர்கள் சிவப்புச் சட்டையில் நின்று ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடு அடிவயிற்றில் உறுமியது, புறப்படப் போகிற லாரி மாதிரி. நான் அடிவாரத்தில் கால் வைத்ததும் முனிரத்தினம் குறுக்கே வந்தான்.

"எங்க போற?"

நான் அவனைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த மேளக்காரனைப் பார்த்துச் சொன்னேன். "பாரா மாத்தப் போறேன்னு சொல்லு."

"பைத்தியக்காரன் ஏறினா அந்த எடத்துக்கே மரியாதை போயிடும்" என்றான் முனிரத்தினம். கூட்டம் சிரித்தது.

"போஸ்ட்ல நிக்கறவனைப் பொணமா அனுப்பறதுக்கு மேளம் கொட்டறவன் பைத்தியமா, நான் பைத்தியமான்னு கேளு" என்றேன் மேளக்காரனிடம். அவன் பாவம், இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"அவன் வீரன்டா! தானா நிக்கறான்!"

"தானா நிக்கறானா? மாத்த ஆள் வராம நிக்கறான். ஆள் வராட்டி எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஏன் வரலைன்னு உனக்குத் தெரியும்."

இதை அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன். முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. மைபோட்ட மீசை லேசாக ஆடியது. அவன் வழியை விட்டானா, அஞ்சுகம் அவன் தோளைப் பிடித்துத் தள்ளினாளா என்று எனக்குத் தெரியாது, நான் ஏறத் தொடங்கிவிட்டேன்.

தண்ணீர்த் தொட்டி உயரம்தான், ஆனால் ஏற ஏற அது பழைய உயரமாகிக்கொண்டே போனது. பாதியில் மூச்சு பத்தவில்லை. முக்காலில் கீழே பேண்டு சத்தம் நின்று காற்றின் சத்தம் மட்டும் இருந்தது. பத்தடியில் அவன் அதட்டினான்.

"நில்! யார் அது?"

"ரிலீவர்."

துப்பாக்கி இறங்கவில்லை. முப்பது நாளில் யாரும் அவனிடம் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பக்கத்தில் பார்த்தால் சிங்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. உதடு வெடித்து, கண் இமையில் பனி ஒட்டி, முப்பத்துநாலு வயசில் கிழவனாகிப்போன ஒரு பையன்.

"உங்க பேர் லிஸ்ட்ல இல்ல மாமா. நாலு மணிக்கு பெஹரா வரணும். சுதாம் பெஹரா."

"எந்த ஊரு?"

"ஒடிசா. நல்லா பாடுவான். அப்பளம்னா உசுரு. உங்க ஊட்ல போட்ட அப்பளம் அனுப்பச் சொல்லுன்னு எங்கிட்டயே கேப்பான்."

"அவன் வர மாட்டான், தணிகா."

"தெரியும்" என்றான். "நாலு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருந்தது. அந்தச் சரிவுல ஏறி வந்துகினு இருந்தான். என்னைப் பாத்துக் கையாட்டினான். நான் திருப்பி ஆட்டல, பாராவுல நிக்கறன் இல்ல? அப்ப அந்தச் சரிவு அப்படியே நகந்துச்சி, மாமா. துணிய உருவற மாதிரி. நான் பாத்துகினே இருந்தேன். அப்புறம் வேற ஆளுங்க வந்தாங்க, மாத்தறேன்னாங்க. பெஹரா பாராவ வேற ஒருத்தன் எப்பிடி வாங்க முடியும்? அவன் வந்துகினு கீறான் இல்ல?"

நான் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு ஏழு மாசம் ஆறுதல் சொன்னார்கள், ஒன்றும் நிற்கவில்லை. மணி மூன்றேகால் ஆகியிருந்தது. காலடியில் மேடு உறுமிக்கொண்டே இருந்தது.

"சரி" என்றேன். "பெஹரா வர்ற வரைக்கும் அவன் பாராவை நான் நிக்கறேன். அவன் பேர்லயே நிக்கறேன். அவன் வந்தா அவன்கிட்டதான் குடுப்பேன், வேற யார்கிட்டயும் அது என் பாரான்னு சொல்ல மாட்டேன். இது போதுமா?"

அவன் வடக்கே பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி வடக்கே பார்த்தான்.

"ஒப்படைக்கச் சொல்லிக் கேளுங்க" என்றான், அழுகிற குரலில். "மொறையா கேளுங்க."

நான் குதிகால் இரண்டையும் சேர்த்து நின்று, முறையாகக் கேட்டேன். அவன் ஒவ்வொன்றாகக் காட்டி என் கையில் கொடுத்தான். துப்பாக்கி ஒன்று. தூரத்தைப் பார்க்கிற கண்ணாடி ஒன்று. மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று. மண்வெட்டி ஒன்று. கம்பளிக் கையுறை ஒன்று.

"கையுறை ஒத்தையா?"

"பெஹராது. ஒண்ணுதான் கெடச்சிது. இன்னொண்ணு அவன் கையிலயே கீது."

அதையும் வாங்கிக்கொண்டேன். சரியாக இருக்கிறது என்றேன். சரியாக இருக்கிறது என்றான். அவ்வளவுதான். முப்பது நாளாக நின்ற கால்கள் மடங்கவில்லை. மரக்கட்டையை உருட்டுவதுபோல அவனைச் சரிவில் உட்காரவைத்து முதுகில் கைவைத்துத் தள்ளினேன். சறுக்கிக்கொண்டே போனான். கீழே அஞ்சுகம் அவனை மடியில் பிடித்தாள். அழுவாள் என்று ஊர் காத்திருந்தது. அவள், "முப்பது நாள் கத்தினேனே, காது கேக்கல? இப்ப மட்டும் வழி தெரிஞ்சிதா?" என்று திட்டிக்கொண்டே அவன் பூட்ஸைக் கழற்றினாள். இனியா கையாட்டினாள். அவன் கறுத்த விரல்களோடு கையைத் தூக்கி ஆட்டினான். மேலே இருந்து பார்த்தேன். பிறகு அவனை வண்டியில் ஏற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், கூட்டமும் பின்னாலேயே போய்விட்டது.

அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது, என்னை மாற்ற யாரும் இல்லை.

மூன்றரை. மேடு அசைந்தது. எல்லைக்கல் அடியில் நொறுங்கும் சத்தம் கேட்டது. என் ஊரை நான் மேலே இருந்து பார்த்தேன், கூரை கூரையாக, ஒவ்வொரு கூரைக்கும் அடியில் ஒரு பெட்டி, ஒவ்வொரு பெட்டியிலும் யாரும் வாய் திறந்து சொல்லாத ஒரு உயரம். ஆகஸ்ட் பதினைந்துக்கு மெடல் குத்திக்கொண்டு நிற்கிறார்களே, அவர்களில் ஒருவன் பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கடியில் போகிறான், ஒருவன் பெண்சாதியை அடித்துவிட்டு ஏன் அடித்தேன் என்று அவளிடமே கேட்கிறான், ஒருவன் கிணற்றில் விழுந்ததைக் கால் இடறி என்று ஊரே சேர்ந்து சொன்னது. எல்லாருக்கும் தெரியும். நான் ஒருவன் மெண்டலாக இருந்தால் மற்றவர்களெல்லாம் நன்றாக இருப்பதாக ஆகிவிடும் இல்லையா? அதற்காகத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

மூன்றே முக்கால். போகட்டும் என்று நினைத்தேன். மேடு வடக்கே போனால் போகட்டும், நானும் போகிறேன், பெஹரா பெயரில் நிற்கிறேன், இந்த முறை யாரும் என்னைக் கட்டித் தூக்கிவர முடியாது. கோட்டை இழுத்து மூடி வடக்கே திரும்பி நின்றேன்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பின்னால் பனி நொறுங்கியது. யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று நின்று ஏறிக்கொண்டிருந்தார்கள். என் அப்பன் என்றுதான் நினைத்தேன். திரும்பித் துப்பாக்கியை நிமிர்த்தினேன்.

"நில்! யார் அது?"

"ரிலீவர்" என்றான் முனிரத்தினம்.

மெடலெல்லாம் கழற்றியிருந்தான். வேட்டி, சால்வை, காலில் ரப்பர் செருப்பு. பல் தந்தியடித்தது.

"பேர்?"

"விளையாடாதடா ஏகாம்பரம். குளுருது."

"பேர் சொல்லு."

சொன்னான். நம்பர் கேட்டேன். சொன்னான், ஒரு எண் தவறாமல்.

"எத்தனை மணிக்கு வர வேண்டிய பாரா?"

அவன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"எத்தனை மணிக்கு?"

"நாலு மணிக்கு" என்றான். "முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால. நாலு மணிக்கு."

"ஏன் லேட்டு?"

மேடு குலுங்கியது. அவன் மண்டியிட்டு மூட்டையைப் பிடித்துக்கொண்டான். கீழே அவனோடு திரும்பி வந்த சங்கத்தார் ஐந்தாறு பேர் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வயித்து வலி" என்றான்.

நான் துப்பாக்கியை இறக்கவில்லை.

"வயித்து வலி இல்லடா. பயம். உன்னை மாத்தறதுக்கு மொத நாள், என் கூட்டாளி ஒருத்தனை எறக்கினு வந்தாங்க. சிரிச்சிகினே இருந்தான், நிறுத்தவே இல்ல. நான் அந்த மாதிரி ஆயிடுவேன்னு பயம். படுத்துக்கினேன்."

"கீழ கேக்கல. சத்தமா."

"பயம்!" என்று அவன் கத்தினான். அந்தக் கிழட்டுக் குரல் மூன்று பக்கப் பாறையிலும் அடித்துத் திரும்பி வந்தது. "நான் பயந்தேன்! ஏகாம்பரம் பயப்படல! நான்தான் பயந்தேன்!"

கீழே நின்றவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவன் தன் மெடலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

நான் துப்பாக்கி ஒன்று என்றேன். கண்ணாடி ஒன்று என்றேன். அடுப்பு, மண்வெட்டி, கையுறை ஒன்று, அது பெஹராவுடையது, பாராவும் பெஹராவுடையது என்றேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சரியாக இருக்கிறது என்றான். நான் என் கோட்டைக் கழற்றி மூட்டைமேல் வைத்தேன். அது பாராவில் நிற்கிறவனுக்கு. அவனுக்கு இல்லை.

நாலு மணி ஆனது. மேடு உறுமுவதை நிறுத்தியது.

அது எங்கும் போகவில்லை, இன்றைக்கும் அங்கேயே நிற்கிறது. ஆறு மணிக்கு முனிரத்தினத்தை மாற்ற இன்னொருவன் ஏறினான், அவனை மாற்ற இன்னொருவன். டீக்கடைச் சுவரில் முறை எழுதி ஒட்டியிருக்கிறது, ஆளுக்கு இரண்டு மணி நேரம், ஒரு நிமிஷம் அதிகம் இல்லை. ஏறுகிறவன் இறங்குகிறவனிடம் பேச்சு கொடுக்க வேண்டும், அவன் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் பாரா வாங்க வேண்டும் என்பது பிறகு தானாக ஏற்பட்ட வழக்கம். அங்கே சொன்னதைக் கீழே யாரும் கிண்டல் செய்வதில்லை. செவ்வாய்க்கிழமை அஞ்சுகம் நிற்கிறாள். புதன்கிழமை பூங்காவனம், அவள் இறங்க இரண்டு மணி நேரம் பத்தாது, என்னைப் பற்றிச் சொல்ல அவளிடம் அவ்வளவு இருக்கிறது.

பட்டாளத்து ஜீப் ஒன்று வந்து துப்பாக்கியை வாங்கிப்போனது. மூங்கில் கழி வைத்துக்கொண்டோம். மேட்டையும் திருப்பி அனுப்பும்படி ஒரு கடிதம் வந்தது. இந்தப் பாராவை மாற்ற ஆள் அனுப்புங்கள், அவன் பெயர் சுதாம் பெஹராவாக இருக்க வேண்டும், ஒரு கையில் மட்டும் கையுறை இருக்க வேண்டும் என்று பதில் எழுதினோம். ஊரே கையெழுத்துப் போட்டது. மறுபடி கடிதம் வரவில்லை.

தணிகாசலத்துக்கு இரண்டு விரல் போய்விட்டது. மாசம் ஒருமுறை வேலூருக்குப் போய் மனசுக்குப் பார்க்கிற டாக்டரைப் பார்க்கிறான்; பஸ்ஸில் எங்கே போகிறாய் என்று கேட்டால் அதைத்தான் சொல்கிறான், பல் வலி என்று சொல்வதில்லை. சில நாள் நின்றுகொண்டே சாப்பிடுகிறான். சில நாள் உட்காருகிறான். ஒடிசாவுக்கு ஒரு டப்பா அப்பளம் அனுப்பினான், வந்து சேர்ந்ததாக பெஹராவின் அம்மா யாரையோ விட்டு எழுதியிருந்தாள்.

முனிரத்தினத்தை நான் மன்னிக்கவில்லை. சங்கத்தில் எனக்கு நாற்காலி போட்டார்கள், அதில் என் துண்டை மட்டும் வைத்துவிட்டு வந்தேன். வழியில் பார்த்தால் இன்றைக்கும் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை பாரா என்னுடையது, என்னை மாற்ற வருகிறவன் அவன். முட்டி வலியோடு, நின்று நின்று ஏறி வருகிறான். பத்தடியில் நிறுத்துகிறேன். நில், யார் அது என்று கேட்கிறேன். அவன் பெயரைச் சொல்கிறான். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கிறது.